மீசை அத்தைக்கு ஒட்டிய விலை

என் அம்மாவுக்குத் தங்கைகள் மூன்று பேர். நடுவில் உள்ள சித்திக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தது பெண், இளையது ஆண். அந்த இளையவனைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். இப்போது அவனுக்கு வயது ஐம்பத்தாறு. ஒரு பெரிய கடையில் விலைச்சீட்டு மாற்றுகிற வேலை. கடை திறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய், தட்டு தட்டாகப் பழைய சீட்டைக் கிளப்பிவிட்டுப் புதிய சீட்டை ஒட்டுவான். அதற்காகவே வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வெட்டாமல் வளர்த்து வைத்திருக்கிறான். கடையில் எல்லோரும் 'சீட்டு' என்று கூப்பிட, வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சீட்டும் கோணலாக ஒட்டியதில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், மற்ற விஷயங்களில் அவ்வளவு நேர்த்தியான ஆள் இல்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தவன்.

அவனோடு இருப்பவர் பேருந்து ஓட்டுநர். அவனைவிட இரண்டு வயது மூத்தவர், பெரிய மீசைக்காரர். விடியற்காலை முதல் பேருந்தில் இவன் தினமும், அப்போது பார்த்த வேறு ஒரு வேலைக்குப் போவான். ஒருநாள் நிறுத்தத்தில் இவனைக் காணோம். ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் காத்திருந்திருக்கிறார். உள்ளே இருந்தவர்கள், "யாருக்குய்யா தாம்பூலம் வச்சுக் காத்திருக்கே?" என்று சத்தம் போட்டார்களாம். இவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்து ஏறினான். அந்த இரண்டு நிமிடம் நடந்து முப்பது வருடம் ஆகிவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்தே குடித்தனம்.

சித்தியும் சித்தப்பாவும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காக்காரி மட்டும் இருந்தாள். மூன்று வருடம் அவள் தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பேச்சும் இல்லை, திட்டும் இல்லை. திட்டியிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பான். பிறகு அவளுக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாறியது. நாலு வயதுப் பெண்ணை விட்டுவிட்டுப் போக இடம் இல்லை. வேறு வழியில்லாமல் தம்பி வீட்டில் விட்டாள். ஒரு வாரம் கழித்துக் கூட்டிப்போக வந்தபோது, ஓட்டுநர் தரையில் உட்கார்ந்து அந்தக் குழந்தைக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அத்தை வலிக்காம வெட்டுறாங்க" என்றது குழந்தை.

"எந்த அத்தைடி?"

"இந்த அத்தைதான். மாமா வீட்டுல இருக்கிறவங்க அத்தைதானே?"

கணக்கு சரிதான். நாலு வயதுக்குத் தெரிந்த முறை அதுதான். அக்காக்காரி அந்த மீசையைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடித்ததும் அழுதாள். அன்றைக்கு அங்கேயே சாப்பிட்டாள். அன்றிலிருந்து ஓட்டுநருக்கு எங்கள் வகையில் பெயர் 'மீசை அத்தை'. இத்தனை பேர் உள்ள எங்கள் சொந்தத்தில், அவரை எங்கே உட்கார வைப்பது என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. குழந்தை வாயால் ஒரு நாற்காலி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குழந்தைக்கு இப்போது ஒரு குழந்தை. முறைப்படி பார்த்தால் ஓட்டுநர் அதற்குப் பாட்டி ஆக வேண்டும். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "எனக்கு இன்னும் ரிட்டயர்மெண்டே வரல, அதுக்குள்ள பாட்டியா?" என்று சொல்லிவிட்டார். ஆகவே அதுவும் தன் அம்மா கூப்பிடுவதைக் கேட்டு அவரை மீசை அத்தை என்றே கூப்பிடுகிறது.

இனி கடைக்கு வருவோம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மாதம், வாசலில் வானவில் கொடி ஒன்றை ஏற்றினார்கள். இவர்களைப் போலச் சேர்ந்து வாழ்கிறவர்களும் எங்களுக்கு வேண்டியவர்கள்தான் என்று அதற்குப் பொருள். சீட்டு அதைப் பார்த்துவிட்டுக் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தானாம். இரண்டாம் வருடம் கொடியோடு வானவில் கோடு போட்ட பல் துலக்கும் பிரஷ் வந்தது. மூன்றாம் வருடம் வாளி, துண்டு, நாய்க்குப் பட்டை. அதற்குப் பிறகு பேட்டரிக்கும் கோடு, கழிவறை கழுவும் மருந்துக்கும் கோடு. கோடு போட்ட பிரஷுக்கு விலையும் ஒரு படி அதிகம். மாதம் பிறந்ததும் ஏற்றி, மாதம் முடிகிற அன்று மாலை எல்லாவற்றையும் இறக்கி, சீட்டை மாற்ற வேண்டும். கடைக்காரர்கள் பாசம் சரியாக முப்பது நாள் கெட்டுப்போகாமல் இருக்கும்.

ஜனங்களுக்கும் சலித்துவிட்டது. ஒரு அம்மா வந்து, "ஏம்ப்பா, சும்மா நீலமா ஒரு வாளி இருக்கா? போன வருஷம் வாங்கினதைத் தூக்கினா ஏதோ ஊர்வலம் போற மாதிரி இருக்கு" என்று கேட்டாள். அவளுக்கு யார் மேலும் கோபம் இல்லை, வாளிதான் வேண்டும். கடைக்கு வழக்கமாக வரும் இரண்டு பெண்கள் உண்டு, சேர்ந்து வாழ்கிறவர்கள். அவர்களில் குட்டையானவள் சொன்னாள்: "அண்ணே, வருஷத்துல ஒரு மாசம் நமக்குன்னு கப்பு விக்கிறாங்க. மிச்சம் பதினோரு மாசம் டீயை எதுல குடிக்கிறதாம்?"

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஓட்டுநருக்கு முழங்காலில் ஆபரேஷன். சீட்டு விடுப்பு கேட்டான். படிவத்தில் உறவு என்ற இடத்தில் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, மற்றவை என்று கட்டம் போட்டிருந்தது. மேலாளர், "மற்றவையில டிக் பண்ணுங்க, பிரச்சினை வராது" என்றார். மற்றவைக்கு ஒருநாள்தான் விடுப்பு. வாசலில் அப்போதும் கொடி பறந்துகொண்டிருந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஓட்டுநர் கட்டிலில் படுத்தபடி, "பரவால்லப்பா, மற்றவைன்னு ஒரு கட்டமாவது இருக்கே" என்று சிரித்தார்.

போன வருடம் நடந்தது இது. அக்கா மகள் கடைக்கு வந்தவள், தட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, "மாமா, மீசை அத்தைக்கு முட்டி வலி மருந்து வாங்கிட்டீங்களா?" என்று குரல் கொடுத்தாள். பக்கத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த விளம்பரப் பெண் நின்றிருந்தாள். நல்ல பெண்தான், எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுவாள்.

"மீசை அத்தையா? யாருண்ணே அது?"

சீட்டு விஷயத்தைச் சொன்னான். அவளுக்குக் கண் விரிந்துவிட்டது.

"ஐயோ, என்ன அழகான வார்த்தைண்ணே! இதை நான் யூஸ் பண்ணிக்கலாமா?"

இவன் வாயில் சீட்டுச் சுருள். தன் வீட்டில், தோழிகளிடம் சொல்லிச் சிரிக்கக் கேட்கிறாள் என்று நினைத்துத் தலையை ஆட்டினான். அந்த ஒரு தலையாட்டல்தான்.

நாலு மாதம் கழித்து, வானவில் மாதத்துக்கான பெட்டிகள் வந்து இறங்கின. பிளேடால் ஒன்றைக் கீறித் திறந்தான். உள்ளே வரிசையாகக் கப்புகள். ஒவ்வொன்றிலும் வானவில் நிறத்தில் முறுக்கு மீசை, அதன் கீழே 'மீசை அத்தை'. இன்னொரு பெட்டியில் அதே படம் போட்ட துணிப்பை. கூடவே விலைப் பட்டியல். ஒட்ட வேண்டியது அவன்தான்.

மேலாளரிடம் போனான்.

"சார், இது எங்க வீட்டுப் பேரு. இதை எடுத்துடுங்க."

"அட, பெருமைப்படுங்க! ஹெட் ஆஃபீஸ்ல எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நீங்க சரின்னு சொன்னதாத்தான் மேடம் எழுதியிருக்காங்க."

"நான் தலையைத்தான் ஆட்டினேன்."

"அதுதான் சரின்னு அர்த்தம்" என்றார் மேலாளர். "ஏங்க, நாலாயிரம் கப்பு அடிச்சாச்சு. இப்ப வந்து வீட்டுப் பேருன்னா நான் என்ன பண்றது?"

சீட்டு வீட்டில் வாயைத் திறக்கவில்லை. நாலு நாள் அந்தப் பெட்டிகளைக் கிடங்கில் பின்னால் பின்னால் தள்ளி வைத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? வேறு கிளைகளில் விற்பனை தொடங்கிவிட்டது.

ஐந்தாம் நாள் ஓட்டுநரின் பேருந்தில் ஒருத்தி அந்தப் பையோடு ஏறினாள். கண்ணாடியில் எழுத்து இடம் வலம் மாறித் தெரிந்ததால் அவருக்குப் படிக்க முடியவில்லை. மீசைப் படம் மட்டும் தெரிந்தது. அவள் முன்பக்கக் கதவு வழியாக இறங்கும்போதுதான் நேராகப் படித்தார். அடுத்த நிறுத்தத்தைத் தாண்டி நிறுத்தினார். அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து, சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பேரை யாரு கொடுத்தா?"

"நான்தான். தெரியாமத் தலையாட்டிட்டேன்."

"தெரியாம ஆட்டினியா? முப்பது வருஷமா நீ சொல்றதுக்கெல்லாம் நான் தெரிஞ்சே தலையாட்டிக்கிட்டு இருக்கேன். அதுக்காக யாரும் என்னை ஒரு பையிலயும் போட்டதில்ல."

"கேட்டுப் பார்த்தேன் டிரைவரே. கப்புலயும் போட்டுட்டாங்க, எடுக்க மாட்டேங்கிறாங்க."

"உங்க அக்கா மூணு வருஷம் கழிச்சு இந்த வீட்டுல சாப்பிட்டா பாரு, அன்னைக்கு வந்த பேருய்யா அது. அதுல போய் டீ ஊத்திக் குடிக்கிறானுங்க."

அதற்கு மேல் சண்டை இல்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஓட்டுநர் குளியலறைக்குப் போனார். திரும்பி வந்தபோது மீசை இல்லை. அந்த இடம் மட்டும் வெளுத்து, வேறு யாருடைய உதடோ மாதிரி இருந்தது. சீட்டு பார்த்தான். "ரத்தம் வருது" என்றான். "துடைச்சுக்கிறேன்" என்றார் அவர்.

மறுநாள் சீட்டு முதல் பேருந்தில் போனான். பெட்டிகளை எல்லாம் கிடங்கிலிருந்து இழுத்து வந்து, கப்புகளைத் தட்டில் அடுக்கி, விலைச்சீட்டை ஒட்டினான். வழக்கமாகக் கப்புக்கு அடியில் ஒட்டுவான். அன்றைக்கு முன்பக்கம் ஒட்டினான். 'மீசை அத்தை' என்ற எழுத்துக்கு மேலேயே, ஓரம் பிசகாமல். பைகளுக்கும் அப்படியே. ஒன்றுகூடக் கோணல் இல்லை.

கடை திறந்து ஒரு மணி நேரம் கழித்து மேலாளர் வந்தார்.

"என்னங்க இது? பேரு மேல ஒட்டியிருக்கீங்க?"

"விலை முன்னாடி தெரியணும்னு நீங்கதானே சார் எப்பவும் சொல்வீங்க."

"உடனே உரிங்க."

உரித்தான். அந்தப் பசையைப் பற்றி அவனுக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். மலிவான அச்சின் மேல் ஒட்டினால் அச்சோடு சேர்ந்துதான் வரும். நகத்தால் அவன் கிளப்பக் கிளப்ப, எழுத்து சீட்டோடு வந்துவிட்டது. மீசைப் படம் மட்டும் ஒரு வெற்றுக் கப்பில் மிதந்தது. மேலாளர் நாலைந்து பார்த்துவிட்டு, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. சீட்டு அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். விளம்பரப் பெண் போனில் பேசினாள். "அண்ணே, எனக்குப் புரியலண்ணே. உங்களைக் கொண்டாடத்தானே செஞ்சோம்?" என்று அழுகிற குரலில் கேட்டாள். "நீ நல்ல பிள்ளைம்மா. ஆனா யூஸ் பண்ணிக்கலாமான்னு கேட்டே, விக்கலாமான்னு கேக்கலியே" என்றான் இவன்.

இந்தக் கிளையில் மட்டும்தான் இந்தக் கூத்து. மற்றக் கிளைகளில் எழுத்து போட்ட கப்புகள் தட்டில் இருந்தன. அங்கும் அவ்வளவாகப் போகவில்லை. போன வருடக் கப்பே வீட்டில் இருக்கிறது என்று ஜனங்கள் தாண்டிப் போய்விட்டார்கள். ஊரார் வீட்டு நெய்யை எடுத்து எத்தனை நாள்தான் பரிமாறுவது? மாதம் முடிந்த அன்று மாலை, மிச்சம் எல்லாம் தள்ளுபடிக் கூடைக்குள் போனது. சிவப்புச் சீட்டையும் இவன்தான் ஒட்டினான், இந்த முறை அடியில். நீல வாளி கேட்ட அம்மா ஆறு கப்பு எடுத்துப்போய்ச் செடி நட்டிருக்கிறாள் என்று கேள்வி.

அதற்கு அடுத்த விடுமுறை நாளில் அக்காவும் மகளும் பேத்தியும் சாப்பிட வந்தார்கள். மீசை போனது குழந்தைக்குத் தெரியாது. வாசலில் ஓட்டுநரைப் பார்த்ததும் அம்மாவின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. சீட்டு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தான். கையில் கரண்டி.

ஓட்டுநர் முட்டி வலியோடு மெல்லக் கீழே உட்கார்ந்தார். குழந்தை கிட்டே வந்து, அவர் உதட்டுக்கு மேலே ஒரு விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தது.

"மீசை எங்க?"

"வித்துட்டாங்க."

"அத்தையையும் வித்துட்டாங்களா?"

"அத்தையை யாரு வாங்குவா? எல்லார் வீட்டுலயும்தான் ஒண்ணு இருக்கே."

குழந்தை ஒரு காலை அவர் மடியில் தூக்கி வைத்தது.

"அத்தை, ஷூ கழட்டி விடு" என்றது.

அவர் கழற்றிவிட்டார். மீசையைத் திரும்ப வளர்க்கவில்லை. எங்கள் வகையில் இப்போது எல்லோரும் வெறும் அத்தை என்றுதான் கூப்பிடுகிறோம்.