மெழுகக்காவின் கட்டைவிரல்

பஸ் நிறுத்தத்தில் முன்னால் நிற்கிறவரின் முழங்கையைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் மெழுகக்கா. அவர் யாரென்றே அவளுக்குத் தெரியாது. அவர் போட்டிருக்கும் மழைக்கோட்டு இவள் தைத்ததுகூட இல்லை. ஆனால் அது மெழுகுத் துணி. முழங்கை மடங்குகிற இடத்தில் வெள்ளையாக ஒரு வரி விழுந்திருக்கிறது. அவளுக்கு அது போதும். கட்டைவிரலை வைத்து அழுத்தி நாலு தேய்ப்பு. விரல் சூட்டில் மெழுகு இளகி, வரி மறைந்து, துணி பழையபடி ஆகிவிடுகிறது. திடுக்கிட்டுத் திரும்புகிறவரிடம், "ஒண்ணுமில்ல சார், வெள்ளை விழுந்திருந்துச்சு. போயிடுச்சு," என்று சொல்லிவிட்டு பஸ் வருகிறதா என்று பார்க்கிறாள். கூட வந்த வீட்டுக்காரர், இந்தப் பெண்மணி யாரோ எவரோ என்கிற மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு தையல் மிஷின், அதற்கு நேர் மேலே ஒரு ட்யூப்லைட், சுவரோரமாகச் சுருட்டிச் சுருட்டி நிறுத்திய துணி. மடித்து வைக்க மாட்டாள். மடித்தால் வரி விழும். பருத்தியில் மெழுகு ஏற்றிய இந்தத் துணியில் மழைக்கோட்டு தைப்பதைத் தவிர வேறெதுவும் தொடமாட்டாள். உள்ளே நுழைந்தால் இப்போதுதான் ஊதி அணைத்த மெழுகுவத்தி மாதிரி ஒரு வாசம். அந்த வாசமும் இந்தத் தொழிலும் சேர்ந்துதான் தெருவில் அவளுக்கு இந்தப் பெயரை வைத்தன. வைத்த பெயர் அவளுக்குப் பிடித்துப்போய், போனிலும் "மெழுகக்கா பேசறேன்" என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

அந்த வீட்டில் தேடினாலும் ஒரு குண்டூசி கிடைக்காது. வேறு துணியில் ஊசி குத்திய இடம் ஒரு தடவை துவைத்தால் தூர்ந்துபோகும். மெழுகுத் துணியில் குத்தினால் அந்த ஓட்டை ஜென்மத்துக்கும் நிற்கும். மழை அதைத் தேடிப்பிடித்து உள்ளே இறங்கும். அதனால் வெட்டிய துண்டுகளைத் துணி காயப்போடுகிற கிளிப் போட்டுத்தான் பிடித்து வைப்பாள். வீட்டுக் கிளிப் மொத்தமும் முன்னறையில் கிடந்தால் கொடியில் காய்கிற துணிக்கு யார் காவல்? காற்றடிக்கிற நாளெல்லாம் வீட்டுக்காரரின் பனியன் பக்கத்து வீட்டு மாடிக்குக் குடி போய்விடும். "உங்க வீட்டுக்காரர் வந்திருக்காரு," என்று அந்த வீட்டம்மா பனியனைக் கொண்டுவந்து கொடுப்பாள்.

"பிரிச்சுத் தைக்கிற பேச்சே என்கிட்ட கிடையாது," என்று வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவாள். "பிரிச்சா அது கோட்டு இல்ல, சல்லடை."

அப்படிப்பட்டவள் அளவு எடுக்கிறதை இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும். நிமிர்ந்து நிற்கிறவரை அவள் அளக்கவே மாட்டாள். பால் போடுகிறவர் சைக்கிளை முன்னறைக்குள் கொண்டுவந்து ஏறி உட்கார வேண்டும். பழக்கடைக்காரர் பெட்டி தூக்கிக் காட்ட வேண்டும். தபால்காரர் வெட்கப்பட்டுக்கொண்டே இல்லாத கதவுக்கு அடியில் இல்லாத கடிதத்தைக் குனிந்து தள்ளினார். "மழையில எவன் சிலை மாதிரி நிக்கிறான்? வேலை செய்யிற உடம்புக்குத்தானே கோட்டு?" என்பாள். அதே கணக்கில், போட்டுக் கசங்கிய கோட்டைப் பார்த்தால் ஆள் என்ன வேலை என்று சொல்லிவிடுவாள். சைக்கிள்காரர் கோட்டில் மடியில் வெள்ளை. சுமக்கிறவர் கோட்டில் முழங்கையில் வெள்ளை. வெள்ளையே இல்லையென்றால் கோட்டை யாரும் போடவில்லை என்று அர்த்தம்.

தைத்து முடிந்த கோட்டுக்குப் பரீட்சை உண்டு. பரீட்சை எழுதுகிறவர் வீட்டுக்காரர். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குச்சி மாதிரி உடம்பு, எந்தக் கோட்டும் நுழையும். சட்டைக்குள் அன்றைய பேப்பரை மடித்துச் செருகிக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, பின்கட்டில் போய் நிற்பார். அவள் ஹோஸ் பைப்பைப் பிடித்து அடிப்பாள். பிறகு பேப்பரை எடுத்து அவர் நாலு வரி சத்தமாகப் படிக்க வேண்டும். படிக்க முடிந்தால் கோட்டு பாஸ். "ஊர்ல எல்லாரும் காலையில பேப்பர் படிச்சுட்டுக் குளிப்பாங்க. நான் மட்டும்தான் குளிச்சுக்கிட்டே படிக்கிறேன்," என்று அவர் அலுத்துக்கொள்வார். ஆனால் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

இவ்வளவு கெட்டிக்காரி சறுக்கிய இடம் சொந்த மருமகளின் கோட்டு.

மகனுக்கு வெளியூரில் வேலை. மருமகள் மாமனார் மாமியாரோடு இங்கேதான் இருக்கிறாள். தெருவிளக்குப் பழுது பார்க்கிற வேலை அவளுக்கு. மழை பெய்தால்தான் விளக்குகள் வரிசையாகப் போகும். ஊரே கதவைச் சாத்திக்கொள்கிற நேரத்தில் அவள் ஏணி வண்டியில் ஏறுவாள். போன மழைக்காலம் முழுக்க ஒரு பிளாஸ்டிக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய், சொட்டச் சொட்ட நனைந்து வந்து, விடிய விடிய இருமினாள். அடுத்த அறையில் படுத்திருந்த மெழுகக்காவுக்கு ஒவ்வொரு இருமலும் நெஞ்சில் குத்தியது. 'ஊருக்கெல்லாம் கோட்டு தைக்கிறேன், என் வீட்டுப் பொண்ணு நனையிறா' என்று தன்மேலேயே ஆத்திரப்பட்டாள்.

ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று ஆசை. அதனால் மருமகளைக் கூப்பிட்டு அளக்கவில்லை. கொடியில் காய்ந்த அவளுடைய சட்டையை எடுத்து வைத்து அளவு பார்த்து, நல்ல கரும்பச்சைத் துணியில் காதும் காதும் வைத்த மாதிரி தைத்து முடித்தாள். வீட்டுக்காரர் பேப்பர் படித்துப் பாஸும் போட்டார். மருமகள் போட்டுப் பார்த்து, "சூப்பரா இருக்கு அத்தை!" என்று கட்டிக்கொண்டாள்.

அதோடு சரி. மழை வந்தது, போனது. கோட்டு வாசல் ஆணியிலேயே தொங்கியது. மெழுகக்கா தினமும் அதைத் தடவிப் பார்ப்பாள். மடியில் இல்லை, முழங்கையில் இல்லை, எங்கேயும் ஒரு வெள்ளை வரி இல்லை. ஒருநாள் குளியலறை வாளிக்குப் பின்னால் அந்தப் பழைய பிளாஸ்டிக் கோட்டு சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிட வேண்டியதுதானே? எதுக்குக் கட்டிப்பிடிச்சு நாடகம்?" என்று வீட்டுக்காரரிடம் பொரிந்தாள்.

"அவகிட்டயே கேளேன்."

"நான் ஏன் கேக்கணும்? நான் மாமியாராக்கும்!"

"அது சரி," என்று அவர் பேப்பருக்குள் போய்விட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் மிஷினை ஓட்டிய ஓட்டில் அன்று யாரோ ஒருவருடைய கோட்டுக்கு இரட்டைத் தையல் விழுந்தது.

மருமகளும் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள், நடுநடுவே இருமினாள். இரண்டு பேரும் மாற்றி மாற்றி மரியாதையாக நடந்துகொண்டதில் வீடு ஆபீஸ் மாதிரி ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மிஷினுக்கு மேலே இருந்த ட்யூப்லைட் கண் சிமிட்டிக் கண் சிமிட்டி உயிரை விட்டது. வேலையிலிருந்து வந்த மருமகள், "இருங்க அத்தை, ஒரு நிமிஷம்," என்று சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறினாள். மெழுகக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

இரண்டு கையும் தலைக்கு மேலே. சட்டை இடுப்பை விட்டு ஏறி நிற்கிறது. கழுத்து பின்னால் வளைந்திருக்கிறது. இப்படித்தான் இவள் நாளெல்லாம் நிற்கிறாள்.

"அடிப்பாவி," என்றாள் மெழுகக்கா. சொன்னது தன்னைத்தான்.

ஓடிப்போய் ஆணியில் இருந்த கோட்டை எடுத்து வந்தாள். "இதைப் போட்டுக்கிட்டு அதே மாதிரி நில்லு."

"வேணாம் அத்தை..."

"போடுன்னா போடு!"

போட்டாள். கையைத் தூக்கினாள். கோட்டு மார்புவரை ஏறியது. காலர் மோவாயில் முட்டியது. கை இரண்டும் மணிக்கட்டுக்குக் கீழே இன்னும் ஒரு சாண் அளவுக்கு வெளியே தெரிந்தன. மழையில் நின்றால் விரலில் விழுகிற தண்ணீர் நேராக அக்குளுக்குத்தான் போகும்.

"ஏன்டி சொல்லல?"

மருமகள் ஸ்டூலில் நின்றபடியே மென்று முழுங்கினாள். "பிரிச்சா ஓட்டை நிக்கும், துணியே பாழ்னு நீங்கதானே வர்றவங்ககிட்டல்லாம் சொல்வீங்க. எனக்காக இவ்வளவு ஆசையா தைச்சிருக்கீங்க. அதைப் போய் எப்படி அத்தை..."

ஊரெல்லாம் குனியச் சொல்லி, ஏறச் சொல்லி, தூக்கச் சொல்லி அளந்தவள், வீட்டிலேயே இருக்கிற பெண்ணை ஒரு கொடியில் வைத்து அளந்திருக்கிறாள். மெழுகக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அழுகைக்கு வெட்கப்பட்டுச் சிரிப்பை மட்டும் வெளியே விட்டாள். வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தி, "நானும் கையைத் தொங்கப்போட்டுக்கிட்டுத்தானே நின்னேன். எனக்கும் பாதிப் பங்கு," என்றார்.

"கீழ இறங்காத. அப்படியே நில்லு," என்று மெழுகக்கா டேப்பை எடுத்தாள்.

மறுநாள் கத்திரிக்கோலை எடுத்துக் கைக்குழித் தையலை அதன் ஓட்டை வரிசையோடு சேர்த்து வெட்டி எறிந்தாள். வெட்டும்போது வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அக்குளில் அகலமாக ஒரு துண்டு கொடுத்து, கை நுனியை நீட்டி, உள்ளே தண்ணீர் புகாமல் ஒரு இறுக்கப் பட்டியும் வைத்தாள். கரும்பச்சை தீர்ந்துபோயிருந்தது, இருந்தது கடுகு மஞ்சள்தான். ஒட்டுப்போட்டது தூரத்திலிருந்தே தெரிந்தது. என் கையால் ஒட்டுப்போட்ட கோட்டா என்று அவள் புலம்ப, மருமகள் கண்ணாடி முன்னால் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, "பறவை ரெக்கை மாதிரி இருக்கு அத்தை," என்றாள். இந்த முறை பரீட்சையில் வீட்டுக்காரர், போலீஸில் மாட்டியவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்று நனைந்தார். பேப்பரின் கடைசிப் பக்கம்வரை படித்தார்.

அந்த வாரமே மழை கொட்டித் தீர்த்தது. தெருவில் விளக்கு போனது. கொஞ்ச நேரத்தில் திரும்ப எரிந்தது. மருமகள் வந்து கோட்டைக் கழற்றி நீட்டினாள். உள்ளே போட்டிருந்த சட்டை காய்ந்திருந்தது. "பசிக்குது அத்தை," என்றபடி உள்ளே போனாள். இருமல் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

மெழுகக்கா கோட்டை உதறி ஆணியில் மாட்டினாள். தோள் இரண்டிலும், கை உயர்கிற இடத்தில், வெள்ளை வெள்ளையாக வரிகள். கட்டைவிரல் தன்பாட்டுக்கு அங்கே போய் அழுந்தியது.

வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தேய்க்கவில்லை. விரலை எடுத்து, உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு, சாப்பாடு போடப் போனாள்.