பனி இறங்கினால் இருமும் வீட்டு வேன்

வீட்டைப் பார்ப்பது ஒரு வேலை, வண்டியைப் பார்ப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே நாலு சக்கரத்தின் மேல் ஏற்றி வைத்துவிட்டால், கூரை ஒழுகினாலும் நம் தலையில்தான் விடியும், எஞ்சின் இருமினாலும் நம் தலையில்தான் விடியும். பழைய வண்டி வைத்திருந்து அவதிப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பொறுமை எனக்கும் கிடையாதுதான்.

என் வீட்டுக்காரர் கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் டீமேக்கராக இருந்தவர். ரிட்டயராவதற்கு முன்பே பழைய பெற்றோல் வேன் ஒன்றை வாங்கி, பின்னால் கட்டில், காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு பேசின், ஜன்னலுக்குத் திரை என்று அதை ஒரு வீடாகவே ஆக்கினார். இரண்டு பேரும் இலங்கையைச் சுற்றுவதாகத் திட்டம். சுற்றியது ஒரே ஒரு தடவை, நானுஓயா வரைக்கும். பிறகு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பதினான்கு மாதமாக வேனும் நானும்தான்.

வாய் செய்த வேலை

காலையில் எஞ்சினைக் கிளப்பிப் பத்து நிமிஷம் ஓட விட்டு, பின்னால் கட்டிலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பேன். வீட்டுக்குள் குடித்தால் சுவர்க் கடிகாரம் மட்டும்தான் பேசும். வேன் அப்படியில்லை, எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் அந்த முணுமுணுப்புக்கு நடுவில் ஒரு விக்கல் வந்தது. அடுத்த வாரம் அது இருமலாயிற்று. வண்டி முழுக்க உதறும், கோப்பையில் தேத்தண்ணி ததும்பும், பின்னால் கறுப்பாகப் புகை வரும்.

என் வீட்டுக்காரரின் தம்பி செல்வம் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். எதையும் விற்றுவிடுவதே நல்லது என்று நினைக்கிற மனுஷர். தலவாக்கலையில் ஒருவர் இந்த வேனைக் கொத்துக் கடையாக்கக் கேட்கிறாராம். என் வீட்டுக்காரர் படுத்துப் பார்த்து அளவெடுத்த கட்டிலைப் பிடுங்கிவிட்டு அங்கே கொத்து ரொட்டி போடப் போகிறார்களாம். எனக்கு எரிந்தது. "ஓடாத வண்டியைக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு அழ நான் ஒன்னும் பச்சைப்பிள்ளை இல்ல. ஞாயித்துக்கிழமை நானுஓயா ஏத்தத்துல ஒரு தடவை இருமினாக்கூட நானே சாவியக் குடுக்குறேன்" என்று சொல்லிவிட்டேன். வாயை அடக்கச் சொல்லிக் கான்வென்டில் சிஸ்டர்மார் பத்து வருஷம் முயன்று தோற்றார்கள். செல்வம் நிதானமாக எழுந்து செருப்பை மாட்டினார். "சரிங்க அண்ணி, அப்ப ஞாயித்துக்கிழமையே அந்தாள வரச் சொல்லிர்றேன்."

பன்னிரண்டு மணி மெக்கானிக்

கொட்டகலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்தேன். காலை ஏழு மணிக்கு வரச் சொன்னால் பன்னிரண்டு மணிக்கு வந்தார். அப்போது பார்த்து நல்ல வெயில். எஞ்சின் சிஸ்டருக்கு முன்னால் நிற்கும் பிள்ளை மாதிரி ஒழுங்காக ஓடியது. இருமலும் இல்லை, உதறலும் இல்லை. அவர் நாலு பிளக்கையும் கழற்றிப் பார்த்தார். மூன்றாவது மட்டும் பெற்றோலில் நனைந்து கறுத்துக் கிடந்தது. நாலையும் மாற்றினார். மறுநாள் காலையில் நான் கிளப்பினால் அதே இருமல்.

மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் பன்னிரண்டு மணி, மறுபடியும் வெயில். அவர் பொனட்டை மூடிவிட்டு வீட்டை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அக்கா, வண்டி நல்லாத்தாங்க இருக்கு. வீட்டுல ஒத்தையில இருந்தா எல்லாச் சத்தமும் பெருசாத்தாங்க கேக்கும்."

மெல்பேர்னுக்குக் கேட்ட சத்தம்

என்னைப் பைத்தியம் என்று ஒருவர் நினைத்தால் போதும், இரண்டு பேர் வேண்டாமே என்று, மெல்பேர்னில் இருக்கும் மகளிடம் சாட்சி கேட்டேன். அடுத்த நாள் காலை வீடியோவில் கூப்பிட்டு, ஃபோனை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்து, "கேக்குதா? இப்ப ஒன்னு, இப்ப ஒன்னு" என்று எண்ணிக் காட்டினேன். ஐந்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டாள். நான் பிளக்கின் நிறத்தை விவரித்தேன், புகையின் நிறத்தை விவரித்தேன், மெக்கானிக்கின் புத்தியையும் விவரித்தேன். நடுவில் திரையைப் பார்த்தால், அவள் என் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். "அம்மா, ஒரு வாரமா வேன் எப்படி இருக்குன்னுதான் சொல்றீங்க. நீங்க எப்படி இருக்கீங்கன்னு சொல்லவே மாட்டேங்கிறீங்க."

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

டாக்டரும் பனியும்

எதையும் கொப்பியில் எழுதிவைப்பது கான்வென்டுப் பழக்கம். முதல் விக்கல் வந்ததிலிருந்தே இருமிய நாள், இருமாத நாள், அன்றைய வானம், எல்லாம் எழுதி வந்தேன். பனி இறங்கிய காலைகளில் இருமுகிறது, காய்ந்த நாளில் இல்லை. கொப்பியை எடுத்துக்கொண்டு உதிரிப்பாகக் கடை ரவூப் நானாவிடம் போனேன். எதைக் கேட்டாலும் முதலில் தன் குடும்பக் கதை ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் சாமானைத் தேடுவார். கொப்பியை மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தார். வட்டகொடையில் பியசேன என்று ஒரு மெக்கானிக் பாஸ் இருக்கிறார், காலை ரயிலிலேயே வந்துவிடுவார் என்று நம்பர் கொடுத்தார். பிறகு கதையும் வந்தது. "எங்க உம்மாவும் இப்பிடித்தான் தங்கச்சி. பனியில இருமுவாங்க, கிளினிக்குக்குக் கூட்டிப் போனா கம்முன்னு இருப்பாங்க. நோயாளிய டாக்டர்கிட்ட கொண்டுபோய்ப் பிரயோசனமில்ல, டாக்டரப் பனிக்குள்ள கொண்டு வாங்க."

நாலில் மூன்று

வெள்ளிக்கிழமை பியசேன பாஸ் சொன்ன நேரத்துக்கு வந்தார். சிங்களவர்தான், ஆனால் தோட்டத்துக்காரர்களோடு பழகியவர், என்னைவிட நல்ல தமிழ் பேசினார். முற்றத்துப் பூச்செடி தெரியாத பனி. எஞ்சின் குலுங்கிக் குலுங்கி இருமியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

காய்ந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, பிளக்குக்குப் போகும் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். முதலாவதைக் கழற்ற, எஞ்சின் இன்னும் தள்ளாடியது. அப்படியானால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றினார், எஞ்சினுக்கு அது தெரியவே இல்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வயரை மாற்றிப் பார்த்தார், அப்போதும் மூன்றாவதுதான். "நாலுல ஒன்னு போனா, மத்த மூனும் அதையும் சேர்த்துச் சுமக்கும் நோனா. ஓடும். ஆனா சந்தோஷமா ஓடாது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "நான் எஞ்சினைச் சொன்னேன்."

இஸ்திரி போத்தல்

அதற்குள் வெயில் வந்துவிட்டது, இருமலும் போய்விட்டது. பாஸ் வேன் நிற்கும் கொட்டிலின் கதவை மூடி இருட்டாக்கினார், இடுக்குகளில் சாக்கைத் தொங்கவிட்டார். இஸ்திரி போடும்போது துணிக்குத் தெளிக்கும் போத்தலைக் கேட்டார். கொடுத்தேன். ஓடுகிற எஞ்சினுக்கு மேல் புகை மாதிரி மெல்லத் தண்ணீர் அடித்தார். கொஞ்ச நேரத்தில் இருமல். நாலு சிலிண்டருக்கும் மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் கறுப்பு மூடியின் மேல், மூன்றாவது வயருக்கும் இரும்புக் கிளிப்புக்கும் நடுவே, நீலமாக ஒரு பொறி நெளிந்து நெளிந்து ஓடியது. அழகாகவே இருந்தது. எஞ்சினை நிறுத்தி, கதவைத் திறந்து பார்த்தோம். அந்த இடத்தில் தடித்துப் போன ஒரு பொட்டு. சந்தனமும் குங்குமமும், ஒன்றின் மேல் ஒன்றாக. ஈரம் பட்டபோதெல்லாம் மின்சாரம் அதன் வழியாக ஓடி, மூடியில் தலைமயிர் அளவுக்குக் கரிந்த கீறலே போட்டிருந்தது.

"ஆயுத பூசைக்கு வச்சதா?" என்றார் பாஸ். ஆயுத பூசைக்கு வைப்பவர் என் வீட்டுக்காரர். நான் வைத்தது வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. முப்பது வருஷப் பழக்கம், குளித்தவுடன் கை தானாகச் சிமிழைத் திறந்துவிடும். திறந்த பிறகுதான் அவர் இல்லை என்று ஞாபகம் வரும். குங்குமம் விரலில் இருக்கும், வைக்க இடம் இருக்காது. என் நெற்றியில் வைத்தால் ஊர் கேட்கும். எஞ்சினில் வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? இதையெல்லாம் ஒரு மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சொன்னேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ரவூப் நானா கடைக்குப் போய்ப் புது மூடி வாங்கி வந்தார், பூட்டினார், போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரையெல்லாம் அடித்துப் பார்த்தார். ஒரு விக்கல் இல்லை. பழைய மூடியை எறிந்துவிடுவார் என்று பார்த்தால், துடைக்காமல் அப்படியே ஒரு பேப்பரில் சுற்றி என் கையில் தந்தார். "புதுசுல வைக்காதீங்க நோனா. இதுலயே வைங்க."

நானுஓயா ஏற்றம்

ஞாயிற்றுக்கிழமை காலை, முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு லைட் மட்டும் தெரிகிற பனி. நான் ஓட்டினேன். செல்வம் பக்கத்து சீட்டில் கைகளைக் கட்டிக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். தலவாக்கலையில் கொத்துக் கடைக்காரர் ரோட்டோரத்தில் காத்து நின்றார். கையைக் காட்டிவிட்டு நிறுத்தாமல் போனேன். லிந்துலை தாண்டி ஏற்றம் தொடங்கியது. கியரைக் குறைத்தேன். வளைவுக்கு வளைவு எஞ்சின் ஒரே குரலில் இழுத்தது.

நானுஓயா ஸ்டேஷனுக்கு வெளியே ஓரமாக நிறுத்தினேன். செல்வம் ஃபோனை எடுத்துத் தலவாக்கலைக்காரரிடம், "இல்ல தம்பி, வண்டி விக்கிறதுக்கில்ல" என்றார். பிறகு திரும்பிப் பின்னால் பார்த்தார், விரித்த கட்டில், மடித்த போர்வை, அடுப்பு. அண்ணனின் கைவேலையை அன்றுதான் முதல் தடவை பார்க்கிற மாதிரி வெகுநேரம் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. சிஸ்டர்மார் நம்பியிருக்க மாட்டார்கள். ரயிலில் திரும்பிப் போக இறங்கிக் கதவைச் சாத்தியவர், ஜன்னல் வழியாகக் குனிந்து, குத்தலே இல்லாத குரலில் கேட்டார். "வண்டி ஓடுதுங்க அண்ணி, நான் தோத்துட்டேன். சரி, நீங்க ஒத்தையில எங்க போவப் போறீங்க?"

மூன்றாவது சிலிண்டர் ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு இஸ்திரி போத்தல் போதும் அன்பர்களே, நாலும் வேலை செய்கிற வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்குத்தான் எந்தக் கடையிலும் சாமான் கிடையாது.