நான் எடுத்துவிடச் சொன்ன எச்சரிக்கை

2011 வாக்கில் சிட்னியின் பரமட்டாவில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருந்தேன். ஓய்வு நேரத்தில் ஒரு ஓப்பன் சோர்ஸ் வீடியோ எடிட்டிங் மென்பொருளுக்கு உதவினேன். முகம் தெரியாத பலர் சேர்ந்து எழுதி, இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது அது. புதியவர்கள் மிரளாமல் பழகும்படி அதை எளிமையாக்குவது என் பங்கு. பொத்தான்களைக் குறைத்தேன். சேமிக்கும்போதெல்லாம் வந்து நின்ற ஓர் எச்சரிக்கையையும் எடுத்துவிடச் சொன்னேன். "சேமிப்பது வெட்டி ஒட்டிய விவரத்தை மட்டுமே, மூல வீடியோக்களை அழிக்காதீர்கள்" என்றது அது. அதைப் பார்த்தாலே ஆட்கள் பயப்படுகிறார்கள் என்று வாதாடினேன். எடுத்துவிட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

சனிக்கிழமைகளில் அருகிலிருந்த பென்டில் ஹில்லில் ஒரு மண்டபத்தில் தமிழ் ஆட்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன். அங்கே யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் வந்தார். கணவர் புற்றுநோயில் இறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மகள் விசா கிடைக்காமல் ஊரிலேயே இருந்தார். கடைசி மாதங்களில் கணவர் சமையலறையில் உட்கார்ந்து மகளுக்காகப் பேசியதையெல்லாம் அன்ரி சின்ன கேமராவில் பிடித்து வைத்திருந்தார். அவற்றை ஒன்றாக்கி மகளுக்கு அனுப்ப வேண்டும்.

கேமராவின் கார்டை லேப்டாப்பில் செருகி, இருமல்களை ஒவ்வொன்றாக வெட்டினார். ஒன்றை மட்டும் விட்டார்.

"இருமிப்போட்டுச் சிரிக்கிறார். இது கிடக்கட்டும்."

முடித்ததும் கேட்டார்: "இனி இது அழியாதே தம்பி?"

"சேவ் பண்ணிட்டீங்கல்ல அன்ரி, பத்திரமா இருக்கும்."

டிவிடியில் போட்டு மகளுக்குத் தபாலில் அனுப்பலாம் என்று இரண்டு வாரம் கழித்து வந்தார். திறந்தோம். படம் இருந்த இடமெல்லாம் கறுப்பு.

"கார்டு எங்க அன்ரி?"

"கேமராவுக்குள்ளதான் கிடக்கு. கார்டிலை இடம் காணேல்லை. நீங்கள் பத்திரமெண்டு சொன்னனீங்கள்தானே? எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு முப்பத்தோராம் நாள் சடங்கை எடுத்தனான்."

அன்று முழுக்க மீட்கப் பார்த்தேன். கணவர் பேச்சின் மேல் ஐயரின் மந்திரம் பதிவாகியிருந்தது. மிஞ்சியது ஒரு நாற்காலியின் பாதி உருவம்.

"அப்ப அவரின்ரை குரல்?"

"இல்ல அன்ரி."

அவர் லேப்டாப்பை மெல்ல மூடினார். "உங்களிலை பிழை இல்லைத் தம்பி. நான்தானே அழிச்சனான்."

எச்சரிக்கையை எடுக்கச் சொன்னதே நான்தான் என்று அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

எச்சரிக்கையைத் திரும்ப வைக்கச் சொல்லி குழுவுக்கு எழுதினேன். மூலத்தை அழித்தது பயனரின் தவறு என்று ஒருவர் பதில் போட்டார். வாரக்கணக்கில் சண்டை போட்டேன். அடுத்த பதிப்பில் அது சின்ன எழுத்தில் வந்தது. அதற்கப்புறம் நான் வகுப்பெடுக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து மளிகைக் கடையில் அன்ரியைப் பார்த்தேன். மகள் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"வீடியோ அனுப்பினனான், தபாலிலை துலைஞ்சு போச்செண்டு சொல்லிப்போட்டன். அவள் இன்னும் தபால் கந்தோருக்குப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறாள்."

பையைத் தூக்கிக்கொண்டார். "போட்டு வாறன் தம்பி."