தையல் மெசின் விற்க வந்தவர்

எங்கள் ஊர் உக்குவளைக்குத் தையல் மெசின் விற்க வந்த அந்த முஸ்லிம் மனிதரை, அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நானா என்றுதான் கூப்பிட்டேன், பெயர் கேட்டதில்லை. ஒல்லியான உடம்பு, வெற்றிலைக் காவி ஏறிய பல். நாற்காலி போட்டாலும் உட்காரமாட்டார். பேசிக்கொண்டே வாசலுக்கும் அறைக்குமாக நடப்பார். பார்க்கப் பார்க்க எனக்கும் பதற்றமாகிவிடும்.

மாத்தளைக் கோயில் தேருக்குச் சிலருக்குச் சட்டை தைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். நானா பஸ்ஸில் கொண்டுவந்த கை மெசினை மேசையில் வைத்து ஒரு துண்டுத் துணியைத் தைத்தார். தையல் நேராகத்தான் விழுந்தது. திடீரென்று நிறுத்திவிட்டு மூடியை மாட்டினார்.

"இது வேணாம் தங்கச்சி. சத்தம் சரியில்ல. வேற கொண்டு வாறேன்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே நானா! தேர் வருது, நான் எப்பத் தைக்கிறது?"

"நான் வித்துட்டுப் போயிருவேன். நீங்கதானே இதோட மாரடிக்கணும்?"

போய்விட்டார். அதன்பின் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். ஒருவழியாக வேறொரு மெசினோடு வந்தார். பேரம் பேசாமல் வாங்கினேன். தேருக்கு முன் சட்டைகளும் முடிந்தன.

பிறகுதான் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், தனக்குக் காட்டிய முதல் மெசினிலும் நானாவுக்கு அதே சத்தம் கேட்டதாம். "ஒண்ண வேணாம்னு சொல்லி நம்ப வச்சு, நம்மள நல்லா ஏமாத்திட்டாருடி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாங்கிய மெசினில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை. அடுத்த முறை வந்தால் கேட்டே விடுவதென்று இருந்தேன்.

வந்தார், இஸ்திரிப் பெட்டி ஒன்றோடு. கேட்க வாயெடுத்தவள், "இது நல்லதுதானே நானா?" என்று மட்டும் கேட்டு, வாங்கிக்கொண்டேன்.