மலை வளைவில் ஒரு ரிவர்ஸ் கியர்

போன ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலைக்குக் காரில் போனோம் — நானும் மனைவியும். வெள்ளிமலையில் இருக்கும் என் தங்கை மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நான் போகாவிட்டால் ஊசி இறங்காது!

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது தங்கையின் போன். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கண்ணா வந்துக்கினு கீற? நல்ல நேரம் முடியப் போவுது. ஆசாரி வந்து குந்திக்கினு கீறாரு!"

அடுத்த வளைவிலேயே எதிரே பஸ். நான் பின்னால் போனால்தான் அதற்கு வழி. எனக்கோ ரிவர்ஸ் என்றால் அலர்ஜி. லைசென்ஸ் டெஸ்டில் நேராக ஓட்டச் சொன்னார்கள், ஓட்டினேன். ரிவர்ஸை அவர்கள் கேட்கவில்லை... நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆனால் விதிகள்? மனப்பாடம். கண்ணாடியை இறக்கினேன்.

"ஏறுற வண்டிக்குத்தாங்க எறங்குற வண்டி வழி விடணும். அதான் ரூல்."

கண்டக்டர் இறங்கி வந்தார். "ரூலு கரெக்ட்டு சார். பஸ்ஸு பின்னாடி வரிசையா வண்டிங்க நிக்குது. அதுங்களுக்கும் நீங்களே வந்து சொல்லிடுங்க."

கியரைப் போட்டேன். கார் பின்னால் போனது... பள்ளத்தைப் பார்த்து. மனைவி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.

"எறங்கி இந்தாண்ட வாங்க."

அவள் வடக்கனந்தல்காரி. அப்பாவின் டிராக்டரைக் கரும்பு டிரெய்லரோடு வயலில் ரிவர்ஸ் எடுத்தவள். ஆனால் கார் ஓட்ட இப்போதுதான் எல்.எல்.ஆர். வாங்கியிருக்கிறாள். ஒரே மூச்சில் பாறையோரம் ஒதுக்கி நிறுத்திவிட்டாள்.

கண்டக்டர் எங்கள் எல் போர்டைப் பார்த்தார். "யாரு சார் பழகறது?"

"அவங்கதான். லைசென்ஸ் இருக்கிறவர் பக்கத்துல உக்காந்து சொல்லித் தரணும்னு சட்டம்."

"ரொம்ப நல்லா சொல்லிக் குடுக்கறீங்க, போங்க!"

பஸ்ஸே சிரித்தது.

யோசித்துப் பார்த்தால், லைசென்ஸ் என்பது எனக்கு ஓட்டத் தெரியும் என்பதற்கு அத்தாட்சியே அல்ல. என்றைக்கோ ஒருநாள் ஓட்டினேன் என்பதற்குத்தான். சுவரில் மாட்டியிருக்கும் நம் டிகிரிகள் மட்டும் வேறென்ன சொல்கின்றன?

மிச்ச வழியும் அவள்தான் ஓட்டினாள். நல்ல நேரம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தோம். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். ஊசி இறங்கும்போது யாரோ கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். குழந்தை இல்லை.

நல்லவேளை... தாய்மாமன் ஆவதற்கு டெஸ்ட் கிடையாது!