எனக்கு வராத ஸ்டியரிங்

எனக்கு லஞ்சம் கொடுக்க இதுவரை யாரும் முன்வந்ததில்லை. என் நேர்மைக்குக் கிடைத்த மரியாதை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். விஷயம் அதுவல்ல.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் செங்கம் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் தங்கள் மனம் அடங்கியது பற்றி வீட்டுக்கு நீளநீளமாக மெயில் அனுப்புவார்கள். நெட் கொஞ்சம் மெதுவானால் மேஜையைக் குத்துவார்கள். அந்த வேலை போக, சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு தமிழ்க் கம்ப்யூட்டர் மாத இதழில் வீடியோ கேம் விமர்சனம் எழுதினேன். ஒரு மாதம் நான், மறுமாதம் தேரடித் தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணன். உறவெல்லாம் இல்லை, என்னைவிட மூன்று வயது மூத்தவர், அவ்வளவுதான். கல்யாண ஆல்பம் தயாரிக்க அவர் வாங்கிய கம்ப்யூட்டரில் எந்தப் புது கேமும் வழுக்கிக்கொண்டு ஓடும். என்னுடையதில் கார் ஒரு வளைவைத் திரும்பி முடிப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பொறாமை அங்கே தொடங்கி, வாசகர் கடிதங்களில் வளர்ந்தது. அவருக்குக் கட்டுக்கட்டாக வரும். எனக்கு ஒன்று வந்தது, அதுவும் பிரிண்டர் பழுது பற்றி.

கட்டுரையின் அடியில் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட ஒரு கட்டம் உண்டு. "கட்டத்த மட்டும் காலியா விட்டுடுங்க சார், லே-அவுட்ல பாத்துக்கறோம்" என்பார் ஆசிரியர். கேமை விற்கும் கம்பெனி அந்த மாதம் விளம்பரம் தருகிறதா என்று தெரிந்த பிறகுதான் லே-அவுட்டுக்கு மார்க் தெரியும். நான் சமர்த்தாகக் காலியாக விடுவேன். அண்ணன் பேனாவால் மார்க்கை எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போடுவார். ஆசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே அச்சிடுவார். கடிதங்கள் அண்ணனுக்குத்தானே வந்தன.

ஒரு நாள் காலை என் வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது. டை கட்டிய ஒருவர் பெரிய பெட்டியோடு இறங்கினார். புதிதாக ஒரு கார்ப் பந்தய கேமை விற்கப்போகும் கம்பெனியின் மார்க்கெட்டிங் ஆள். கேம் சிடி தனியாக இருந்தது. பெட்டிக்குள், கம்ப்யூட்டரில் மாட்டி ஓட்டுகிற ஸ்டியரிங். நான் எழுந்து நாற்காலியைத் துடைத்தேன்.

"சார், கேம் விமர்சனம் எழுதறாரே, ஸ்டுடியோ வெச்சிருக்கறவரு, அவர் கடை எங்க?"

"நானும் எழுதறேன்."

"அப்படிங்களா, வெரி குட் சார். தேரடித் தெரு லெஃப்ட்டா, ரைட்டா?"

ரைட் என்றேன். லெஃப்ட் என்று சொல்லியிருக்கலாம், அந்த நேரத்தில் தோன்றவில்லை.

பத்து நாள் கழித்து அண்ணன் பெட்டியோடு வந்தார். "நாலுக்கு மேல தேறாதுபா. வண்டி செவுத்துல மோதினா செவுருதான் நகருது. இத அவங்களுக்கே கூரியர்ல போட்டுடு, ஒன் கடைக்குப் பக்கத்துலதான இருக்குது."

"ஸ்டியரிங்க பிரிச்சிக்கூட பாக்கலையாண்ணா?"

"பிரிச்சா கை தானா அஞ்சு போட்டுடும்."

அன்று பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். ஊருக்குள் வண்டி எதுவும் வராது என்று கூரியர்க்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு நீர்மோர் ஊற்றப் போய்விட்டார். பெட்டி இரண்டு நாள் என் மேஜைக்கடியில் கிடந்தது. முதல் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் பிளேடு எடுத்தேன். என் கம்ப்யூட்டரில் மாட்டினால் அது வேலை செய்யாது என்று தெரியும். மடியில் வைத்துத் திருப்பினேன், அவ்வளவுதான். வாயால் சத்தம் கொடுத்தேனா என்று கேட்காதீர்கள். மூன்றாம் நம்பர் தடுப்பிலிருந்து எட்டிப் பார்த்த ஜெர்மன் பெண்மணி, இதுவும் ஒரு தியான முறை என்று நினைத்தாளோ என்னவோ, கைகூப்பிவிட்டுப் போனாள். டேப் ஒட்டி அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் ஆசிரியர் போன் செய்தார். "ஒங்க ஃப்ரெண்டு ஸ்டியரிங்க பிரிச்சு நல்லா ஓட்டிட்டு, ஒட்டித் திருப்பி அனுப்பிட்டு, நாலும் போட்டிருக்காரு. கம்பெனில கொதிக்கறாங்க. ஆறு மாசத்துக்குப் பின்னட்டை விளம்பரம் சார் அது. இந்த கேம நீங்க எழுதிடுங்க. இனிமே மாசாமாசம் ஒங்க பக்கம்தான்."

பெட்டியைப் பிரித்தது நான் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் சொன்ன வாக்கியம் வேறு: "எப்ப வேணும் சார்?"

அண்ணனிடமும் அந்தப் பேச்சு போயிருந்தது. கடைக்கு வந்து நின்றார். "நீதான அனுப்பின? சீல் இருந்திச்சில்ல?"

"இருந்திச்சுண்ணா."

இருந்தது, என்னிடம் வரும்போது. "அதான் பாத்தேன்" என்றார் அவர், நிம்மதியாக. என் கட்டுரையைக் காலிக் கட்டத்தோடு அனுப்பினேன். எட்டு என்று அச்சாகி வந்தது.

ஒரு வருடம் மாதாமாதம் எழுதினேன். ஸ்டியரிங் வேண்டாம், ஒரு கீ செயின் கூட வரவில்லை. பிறகு ஒரு நாள் அதே வெள்ளைக் கார், அதே டை. மறுபடி நாற்காலியைத் துடைத்தேன்.

"ஸ்டுடியோ சார் ஊர்ல இருக்காரா?"

"அவர்தான் இப்ப எழுதறதில்லையே?"

"அதனாலென்ன சார். போன தடவ எட்டு மார்க்க நம்பி ஸ்டாக் எடுத்தோம், பாதிக்கு மேல திரும்பி வந்துடுச்சி. இனிமே அவரு பாத்து சொன்னாத்தான் ஸ்டாக் எடுக்கணும்னு மொதலாளி சொல்லிட்டாரு."

"அவரு ஸ்டியரிங்க பிரிச்சி ஓட்டினார்னு சொன்னீங்களே?"

"அது கூரியர்ல பிரிஞ்சிருக்கும் சார். நாலு போடறவரு பெட்டியப் பிரிப்பாரா?"

ஒரு வருடமாக அண்ணன் மேல் விழுந்திருந்த பழியை அவர் போட்ட நாலே துடைத்துவிட்டது. என்மேல் சந்தேகப்பட மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"நான்தான் பிரிச்சேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "நீங்க வேற சார். ஒங்களுக்குத் தமாஷ் ஜாஸ்தி. வழி மறந்துபோச்சி, கொஞ்சம் கூட வரீங்களா?"

காரில் ஏறிக்கொண்டேன். பின்சீட்டில் அண்ணனுக்காகப் புதுப் பெட்டி ஒன்று சீலோடு இருந்தது. அதை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். தேரடித் தெரு வரும்வரை, அதே இரண்டு வார்த்தைகளை எப்படிச் சொன்னால் அண்ணன் நம்புவார் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.