வேளி மணலில் ஓர் அமாவாசை

யுத்தம் பர்மாவைத் தாண்டி நம் பக்கம் வருகிறது என்று திருவனந்தபுரத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், பைனாக்குலரும் கையுமாகக் கடற்கரையில் போய் நிற்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எனக்கும் தோன்றவில்லை, என் சிநேகிதருக்கும் தோன்றவில்லை. ராத்திரி விளக்கைக் கறுப்புத் துணி போட்டு மூடச் சொல்லித் தெருத்தெருவாகத் தமுக்கடித்தார்கள். அரிசிக்கு ரேஷன் வந்துவிட்டது. நாங்களோ உள்ளான் குருவிக்குக் கால் பச்சையா மஞ்சளா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

நான் ஆரியசாலையில் மிளகாய் மண்டிக்காரன். அண்ணன் கல்லாவில் உட்காருவார், நான் சரக்கைப் பார்ப்பேன். சிநேகிதர் வலியசாலை அக்கிரகாரத்துக்காரர், சர்க்கார் கச்சேரியில் டெம்பரரி குமாஸ்தா. வற்றல் வாங்க வந்தவர் ஒருநாள் எங்கள் கிடங்கு முற்றத்தில் சிந்திய மல்லியைக் கொத்திக்கொண்டிருந்த குருவியைக் காட்டி, "இது நம்மூர்ச் சிட்டு இல்லை, ஓய்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கிடங்குக் குருவியைப் பற்றி இவர் எனக்குச் சொல்வதா? அப்படிச் சண்டையில் ஆரம்பித்த பழக்கம். அவருக்கு நான் 'பிள்ளைவாள்'. எனக்கு அவர் 'சாமி'. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, அந்த பைனாக்குலரையும் ஒரு பறவைப் படப் புத்தகத்தையும் அவர் எடுத்தார். எடுத்ததைத் தகப்பனாரிடம் ஒரு மாசம் மறைத்து வைத்திருந்தார்.

வெள்ளாயணிக் காயலுக்குப் போவோம், புஞ்சக்கரி வயலுக்குப் போவோம். ஆனால் எங்களுக்குப் பிடித்த இடம் வேளி. அங்கே காயலுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு உண்டு. மழை கொட்டும்போது காயல் நிரம்பி அதை உடைத்துக்கொண்டு கடலில் போய் விழும். மற்ற மாதங்களில் மரமும் கிடையாது, நிழலும் கிடையாது, கண் கூசும் வெள்ளை மணல்தான். 'நம்ம பாலைவனம்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். மனிதன் கால் வைக்க முடியாத அந்தச் சூட்டில் பறவைகளுக்கு என்ன வேலையோ, மார்கழி, தை மாதங்களில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். ஆலா, உள்ளான், மணல் நிறத்தில் உருண்டு ஓடும் உப்புக்கொத்தி, தள்ளி நின்று எல்லாவற்றையும் முறைக்கும் நாரை.

வெள்ளைச் சட்டையைக் கண்டால் அவை பறந்துவிடும். அதனால் சிநேகிதர் போனதும் சட்டையைக் கழற்றி என் பையில் போட்டுவிடுவார். எனக்கு வெறும் உடம்போடு வெயிலில் நிற்கப் பிடிக்காது. மணலோடு மணலாக இருக்கட்டும் என்று காக்கியில் ஒரு சட்டை தைத்துக்கொண்டேன். அந்தச் சமயத்தில் காக்கி! அறிவு அப்படி வேலை செய்தது.

நான் சொல்லப்போகும் ஞாயிற்றுக்கிழமை தை அமாவாசை. அந்த மாதத்தில்தான் சிநேகிதரின் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. வருஷக்கணக்காக டெம்பரரி. தகப்பனாரின் பென்ஷன் அவருடைய இழுப்பு மருந்துக்கே சரியாகப் போய்விடும். கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள் வேறு. உத்தரவு மேஜைக்கு வந்துவிட்டது, கையெழுத்துதான் பாக்கி என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். யுத்த காலத்தில் போலீஸ் ரிப்போர்ட்டில் பெயர் அடிபட்டால் கையெழுத்தாவது ஒன்றாவது, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும் அவர்தான் சொன்னார்.

வேளிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. அலை ஓரத்தில் அது நின்றது. கறுப்பும் வெள்ளையுமாக, நீளமான சிவப்பு மூக்கோடு, படப் புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த பறவை. அதற்குத் தமிழில் பெயர் உண்டா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"பிள்ளைவாள், சத்தம் போடாதேயும்! நான் தண்ணிப் பக்கமாப் போய் கிட்டக்கப் பார்க்கறேன். நீர் மேட்டிலேர்ந்து கண்ணாடி வழியாப் பாரும்" என்று பைனாக்குலரை என் கழுத்தில் மாட்டிவிட்டுக் கீழே இறங்கினார். கணுக்கால் தண்ணீரில், வேட்டி நனைய, பூணூலும் வெற்றுடம்புமாக அவர் போவதைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு பைனாக்குலரைப் பறவைமேல் நிறுத்தினேன். கண்ணாடிக்குள் அதன் சிவந்த கண்கூடத் தெரிந்தது. அதற்குப் பின்னால் மங்கலாக ஒரு கப்பலும் தெரிந்தது. கப்பலை நான் பார்க்கவே இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

விசில் சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் இரண்டு கான்ஸ்டபிள்கள் என் இரண்டு கைகளையும் பிடித்துவிட்டார்கள்.

"எந்தா நோக்குந்நது?" எதைப் பார்க்கிறாய் என்று ஒருவன் அதட்டினான்.

"பட்சி" என்றேன்.

"பட்சியோ? கப்பலோ?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. மிளகாய் மண்டிக்காரனைப் பார்த்தால் ஜப்பான்காரனுக்குச் சேதி சொல்கிறவன் மாதிரியா இருக்கிறது என்று கத்தினேன். "அதோ நிக்காரே, அவர்கிட்டக் கேளுங்க! நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் வந்தோம். இந்தக் கண்ணாடியே அவருதுதான். சாமி! சாமி, இங்க வாங்க!"

அவர் நிதானமாக மேலே ஏறி வந்தார். எனக்கு உயிர் வந்தது. கச்சேரி உத்தியோகஸ்தர், இங்கிலீஷ் படித்தவர், இரண்டு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள்.

இந்த ஆளைத் தெரியுமா என்று கான்ஸ்டபிள் கேட்டான்.

"ஞான் அச்சனு பலியிடான் வந்நதாணு" என்றார் சிநேகிதர். "இயாளெ எனிக்கு அறியில்லா."

அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்ய வந்தேன், இந்த ஆளை எனக்குத் தெரியாது. என்னோடு எப்போதும் தமிழில் பேசுகிறவர் இதை மலையாளத்தில் சொன்னார். கேட்ட கேள்வி முடிவதற்குள் சொன்னார். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. தை அமாவாசை, கடற்கரை, ஈர வேட்டி, பூணூல். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? "எங்கில் சாமி போய்க்கோளூ" என்று அந்தக் கான்ஸ்டபிள் மரியாதையாக வழிவிட்டான். அவர் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னைத் தெரியாது என்றதுகூட இரண்டாவதுதான். தகப்பன் உயிரோடு இருக்கிறவன் தர்ப்பணம் செய்ய மாட்டான், இது எங்கள் மண்டியில் மூட்டை தூக்குகிறவனுக்குக்கூடத் தெரியும். அவருடைய தகப்பனார் முந்தின நாள் சாயங்காலம்தான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எங்கள் மண்டிக்கு வந்து, "என்னடா இது, மிளகாயா காகிதமா? காரமே இல்லையே" என்று என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டுப் போயிருந்தார். அந்த மனிதரை ஒரே வாக்கியத்தில் கொன்றுவிட்டு இவர் பாட்டுக்கு நடந்து போகிறாரே!  கான்ஸ்டபிள்கள் இழுத்த பிறகுதான் கால் நகர்ந்தது.

கொஞ்ச தூரத்தில் ஓலை வேய்ந்த ஒரு போலீஸ் அவுட்போஸ்ட் இருந்தது. அங்கே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் கூர்மையானவர். என் பையைக் கவிழ்த்தார். வெள்ளைச் சட்டை விழுந்தது. அதை என் தோளில் வைத்து அளந்து பார்த்தார். என் பாதி உடம்புக்குக் காணாது.

"இது ஆருடெ ஷர்ட்டு?"

"என்னுடையதுதான். துவைச்சுச் சுருங்கிப்போச்சு."

அவர் சிரிக்கவில்லை. கரையில் 'சாமி, சாமி' என்று உறவு கொண்டாடிக் கூப்பிட்டாயாமே, அந்த சாமி யார், வீடு எங்கே என்று மாற்றி மாற்றிக் கேட்டார். பூணூல் போட்ட யாரைக் கண்டாலும் சாமி என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம் என்றேன். பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றது. சொன்னால் எனக்கு விடுதலை, அவருக்கு வேலை போச்சு. ஆத்திரம் நெஞ்சை அடைத்தது. ஆனாலும் வெளியே போய் நானே அவர் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறேன், அந்தப் பாக்கியத்தைப் போலீசுக்கு விட்டுக்கொடுப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பிற்பகலில் வாசலில் ஒரு குதிரைவண்டி வந்து நின்றது. இறங்கியவரைப் பார்த்ததும் எனக்குப் பேயறைந்தது போல் ஆகிவிட்டது. சிநேகிதரின் தகப்பனார்! மூச்சு இழுக்க, ஒரு கையில் தடி, மறு கையில் அந்தப் பறவைப் படப் புத்தகம். காலையில் தம் தகப்பனாருக்குத் தர்ப்பணம் செய்த நெற்றித் திருநீறு இன்னும் அழியவில்லை.

அவர் இன்ஸ்பெக்டரிடம் மலையாளத்தில் பேசினார். இந்தப் பையனை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும், ஆரியசாலையில் கௌரவமான குடும்பம், குருவி பார்க்கிற பைத்தியம் பிடித்தவன், வேறு எந்தத் தப்பும் தெரியாது. புத்தகத்தைத் திறந்து சிவப்பு மூக்குப் பறவையின் படத்தைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் பக்கங்களைப் புரட்டினார், தலையை ஆட்டினார். எனக்கும் நிம்மதி வந்தது. அப்போதுதான் இன்ஸ்பெக்டர் அந்தச் சட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இவனோடு இன்னொருத்தன் வந்திருக்கிறான். உங்கள் மகனா அது? கடலில் நின்ற சாமி?"

பெரியவர் சட்டையைப் பார்த்தார். அவர் மனைவி தைத்த காஜா, அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

"ஏன் கேட்கிறேன் என்றால், அந்த ஆள் செத்துப்போன அப்பாவுக்குப் பலியிட வந்ததாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்."

இது பெரியவருக்குத் தெரியாது. பிள்ளை வீட்டுக்கு ஓடிப்போய், போலீஸ் பிடித்துக்கொண்டது, நான் தப்பி வந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எப்படித் தப்பினார் என்பதைச் சொல்லவில்லை. கிழவரின் வாய் கொஞ்சம் திறந்து அப்படியே நின்றது. இழுப்புச் சத்தம்கூட நின்றுவிட்டது. விழுந்துவிடுவாரோ என்று நான் பதறி எழுந்தேன். கான்ஸ்டபிள் என் தோளை அமுக்கி உட்காரவைத்தான்.

பிறகு அவர் நிமிர்ந்து பதில் சொன்னார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "அப்பனுக்குத் தர்ப்பணம் பண்றவனுக்கு அப்பன் செத்துப்போயிருக்கணும். நான் உசிரோட உம்ம முன்னால நிக்கறேன். அவன் எப்படி ஓய் என் பிள்ளையா இருப்பான்?"

இன்ஸ்பெக்டர் சத்தமாகச் சிரித்துவிட்டார். சரிதான், அது நியாயம்தான் என்றார். அதற்குமேல் சட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. பைனாக்குலர் மட்டும் யுத்தம் முடிகிறவரை இங்கேயே இருக்கட்டும் என்று என்னை அனுப்பிவிட்டார். அந்த ஒரு பதிலில் சிநேகிதரின் வேலை பிழைத்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. 

பெரியவரும் நானும் வண்டியில் பேட்டையைத் தாண்டினோம்.  சட்டையை என் மடியில் வைத்துக்கொண்டு, வெளியே பார்ப்பது போல் உட்கார்ந்திருந்தேன்.

"ஏண்டாப்பா" என்றார். "அதைச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சமாவது யோசிச்சானா? இல்லை, சட்டுனு வந்துடுத்தா?"

 கேள்வி முடிவதற்குள் வந்த அந்தப் பதில் இன்னும் என் காதில் இருந்தது.

"ரொம்ப நேரம் யோசிச்சாரு, பெரிய சாமி. அவருக்கு வாயே வரல."

கிழவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பொய் சொல்லவே தெரியலையேடா உனக்கு. நீ எப்படித்தான் மிளகாய் விக்கறயோ" என்று சொல்லிவிட்டு மறுபடி வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் சிநேகிதர் நின்றிருந்தார். கையில் ஒரு தேங்காய். என்னை விட்டுவிட்டால் உடைப்பதாக வேண்டிக்கொண்டிருப்பார். வண்டிக்குள் என்னைப் பார்த்தவர், அடுத்து என் மடியில் இருந்த சட்டையைப் பார்த்தார். பக்கத்தில் தகப்பனாரின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துபோயிற்று. வண்டி அவரைத் தாண்டிப் போய்விடும் என்றுதான் நான் நினைத்தேன். பெரியவர் தடியால் தட்டி நிறுத்தச் சொன்னார். நகர்ந்து இடம் கொடுத்தார்.

"ஏறு."

அவர் ஏறி, எங்கள் இருவருக்கும் எதிரில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தது. கழுத்தைப் பிடிக்க வேண்டும் என்று நான் காத்திருந்த ஆள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தார். என் கை எழவில்லை.

"அப்பா" என்றார் சிநேகிதர்.

"இருக்கேன். சொல்லு" என்றார் கிழவர்.

சிநேகிதர் உடைக்காத தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டே வலியசாலை வரை வந்தார்.